கெட்டில் ஏரிக்கு இறங்கும் வழி

பனிக்கட்டி உடைந்த வாரத்தில் ஆர்டிஸ் லாம்பி தினமும் விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரைக்குப் போய் நின்றாள். காற்று வீசும்போது உடைந்த பனிச் சில்லுகள் கரையில் ஒதுங்கி ஒன்றோடொன்று உரசும். யாரோ தூரத்து வீட்டில் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக் கழுவி அடுக்குவது போல இருக்கும் அந்தச் சத்தம். அதைக் கேட்டபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஏரியை அல்ல, ஏரிக்குள் இறங்கும் இடத்தை. அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது.

படகுகளைத் தண்ணீரில் இறக்கும் பழைய கான்கிரீட் சரிவைப் போன இலையுதிர் காலத்திலேயே பெயர்த்தாகிவிட்டது. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஏரிக்குள் நீளமாக ஒரு மண் அணை கட்டினார்கள். புதுக் கான்கிரீட் போடுவதற்குள் பனி முந்திக்கொண்டது. ஒப்பந்தக்காரன் ஷெல்டன் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு, "வசந்தத்துல பாக்கலாம் ஆர்டிஸக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆர்டிஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர்ச்சபையில் மூன்று பேர், அவர்களில் ஒருத்தி அவள். அந்த நாற்காலிக்கு அவள் ஏன் ஆசைப்பட்டாள் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "அந்தச் சரிவு சீக்கிரம் யாரையாவது கொல்லப் போகுது, அதான்," என்று சொல்லித் தப்பித்திருப்பாள். அது பொய்யும் இல்லை. படகோட்டிகள் டிரெய்லரில் படகை ஏற்றும்போது மோட்டாரை முழு வேகத்தில் முடுக்கி முடுக்கி, தண்ணீருக்கடியில் கான்கிரீட் முடியும் இடத்தில் ஒரு குழியைத் தோண்டி வைத்திருந்தார்கள். பின்சக்கரம் அதில் இறங்கினால் பிக்கப் வண்டியே முனகும். மேலே கான்கிரீட் பலகையெல்லாம் பாசி.

உண்மைக் காரணம் வீட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தது. அவளுடைய தம்பி எய்னோ. மரம் வெட்டும் வேலையில் ஒரு பைன் மரம் தவறான பக்கம் சாய்ந்ததிலிருந்து அவனுக்குச் சக்கர நாற்காலிதான் கால். அதற்கடுத்த கோடையில் நண்பர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு படகில் வைக்கப் போனார்கள். பாசியில் ஒருவன் வழுக்க, எல்லோருமாகத் தண்ணீரில் விழுந்தார்கள். ஆழமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எய்னோவும் சிரித்தான். வீட்டுக்கு வந்து ஈரத்துணியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம்," என்றான். அதோடு சரி. ஏரி அவனுக்குச் சன்னலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அதன்பிறகுதான் ஆர்டிஸ் சபைக்கு நின்றாள். படகு உரிமக் கட்டணத்திலிருந்தும் பெட்ரோல் வரியிலிருந்தும் மாநில அரசு இதுபோன்ற படகுத்துறைகளுக்கு நிதி தருகிறது என்று தெரிந்துகொண்டு, வருடா வருடம் மனுப் போட்டாள். ஊரின் பங்குக்கு வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்து அடித்தளத்தில் மீன் வறுத்து விற்றார்கள். அவளுடைய கம்பளிச் சட்டையிலிருந்து அந்த எண்ணெய் வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை. நிதி ஒருவழியாக வந்தது. புதிய சரிவு, பக்கத்திலேயே சக்கர நாற்காலி போகும்படி அகலமான மிதவை மேடை.

எதிர்த்தவர் ஒருவர் உண்டு. சரிவை ஒட்டினாற்போல் வீடு வைத்திருந்த லோவெல் பிரிக்ஸ். நகரத்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். காலமெல்லாம் அடுத்தவர் பல்லைக் குடையும் சத்தத்தில் வாழ்ந்த மனிதர், மிச்ச நாளைச் சத்தமில்லாமல் கழிக்கலாம் என்று இந்த வீட்டை வாங்கியிருந்தார். "நல்ல சரிவு போட்டா இன்னும் பெரிய படகா வரும். இன்னும் பெரிய ரேடியோவும் வரும்," என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஓட்டெடுப்பில் தோற்றார். ஆனாலும் மண் அணையின் ஒரு முனை தம் நிலத்தில் ஊன்றிக்கொள்ள, ஜூன் மாதம் வரை என்று சொல்லி, முணுமுணுத்துக்கொண்டே அனுமதி கொடுத்தார்.

மே மாதம் பிறந்து, கரையோர பிர்ச் மரங்களில் பச்சைப் புகைபோலத் துளிர் படிந்திருந்த ஒரு காலையில், ஆர்டிஸ் அந்த மண் அணையின் முனையில் எதையோ பார்த்தாள். ஈரக் கோரையும் பாசியும் சேர்த்துக் குவித்த மேடு. அதன்மேல் ஒரு லூன், வாத்தைவிடப் பெரிய நீர்ப்பறவை. கறுத்த தலை, முதுகெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள், செக்கச்செவேலென்று கண். அவளைக் கண்டதும் கழுத்தைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக்கொண்டது. பிறகு வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. மேட்டில் பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் இரண்டு முட்டைகள் கிடந்தன.

"அடக் கடவுளே," என்றாள் ஆர்டிஸ். முட்டையிட வேறு இடமா கிடைக்கவில்லை?

வீட்டுக்கு வந்து சொன்னதும் எய்னோ காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"நாம வருஷக்கணக்கா மனு போட்டோம். அது ஒரு மனுவும் போடாம வந்து உக்காந்துருச்சு பாரு."

"சிரிக்காதடா. கூட்டை யாரும் தொடக்கூடாது. சட்டம். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வேலை நிக்கும்."

"நிக்கட்டும். எங்க ஓடிப்போகுது?"

நிதி ஓடிப்போகும் என்று அவள் சொல்லவில்லை. ஜூன் முடிவோடு மாநிலத்தின் நிதியாண்டு முடிகிறது. அதற்குள் வேலை நடக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

மதியம் ஷெல்டன் வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இந்த மாசம் நான் ஆரம்பிக்கலன்னா தெக்க ஒரு பாலம் வேலைக்குப் போயிருவேன். அப்புறம் செப்டம்பர்தான்."

"வேற வழி இல்லையா?"

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்கா, நான் திங்கக்கிழமை வர்றேன். நான் வரும்போது அங்க கூடு இருந்தா வேலை செய்ய மாட்டேன். இல்லைன்னா செய்வேன். பறவைங்க சில சமயம் அதுங்களாவே விட்டுட்டுப் போயிரும். காலையில யாராவது நாயோட அந்தப் பக்கம் நடந்தாப் போதும், நரி மோப்பம் பிடிச்சாப் போதும். யாரு பாத்தா?"

பதிலுக்காக நிற்காமல் அவன் வண்டியில் ஏறினான்.

ஞாயிறு விடியற்காலையில் ஆர்டிஸ் எழுந்தாள். நாய் அவளிடம் இல்லை. கொட்டகையிலிருந்து துடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் நடந்தாள். மூடுபனி அவ்வளவு அடர்த்தி, பாதை அவள் கால் வைக்கும் இடத்தில் மட்டும் உண்டாகி, காலை எடுத்ததும் இல்லாமல் போனதுபோல இருந்தது. ஏரி எங்கே தொடங்குகிறது, வானம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே பால்.

மண் அணையின் மேல் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் பறவை தெரிந்தது. கூட்டிலேயே இருந்தது. இந்தமுறை வழுக்கி இறங்கவில்லை. தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டு, அந்தச் சிவப்புக் கண்ணால் அவளைப் பார்த்தது. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சும்மா பார்த்தது. மூடுபனிக்குள் எங்கிருந்தோ அதன் துணை கூப்பிட்டது. நீண்டு, நடுவில் உடைந்து, மறுபடி நீளும் குரல். அக்கரைக் காடு அதை வாங்கி மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது.

துடுப்பைத் தண்ணீரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று ஆர்டிஸ் நினைத்தாள். தட்டிவிட்டுக் கொஞ்சநேரம் அங்கேயே நின்றால் போதும். முட்டை குளிர்ந்துவிடும். அவள் துடுப்பை இறுகப் பிடித்தாள். கை வலித்தது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் தட்டலாம் என்று ஷெல்டன் போட்டுவிட்டுப் போயிருந்த சரளை மூட்டையொன்றின்மேல் உட்கார்ந்தாள்.

அப்படியே கண் செருகிவிட்டது. பல வாரங்களாக வராத தூக்கம் அந்த மூட்டையின்மேல் வந்தது. தூக்கத்தில் ஏரி மெல்ல எழுந்து சரிவு வழியே மேலே ஏறி வந்தது. சாலையைக் கடந்தது, தபால்பெட்டிகளைக் கடந்தது, அவள் வீட்டுப் படியில் ஒரு பழகிய நாய்போல வந்து படுத்துக்கொண்டது. எய்னோ சன்னலைத் திறந்து கையை நீட்டித் தண்ணீரைத் தடவிக்கொடுத்தான். அவனுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. மூடுபனி கிழிந்து கிழிந்து நகர்ந்துகொண்டிருந்தது. பறவை அதே இடத்தில் இருந்தது. அணைக்கு அந்தப் பக்கம் கேனோ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு ஒன்று அசையாமல் நின்றது. அதில் லோவெல் பிரிக்ஸ்.

"எழுப்ப வேணாம்னு பாத்தேன்," என்றார் தாழ்ந்த குரலில். பிறகு அவள் மடியில் கிடந்த துடுப்பைப் பார்த்தார். படகு இல்லாமல் துடுப்போடு வந்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிய நேரமாகவில்லை. "வெரட்ட வந்தீங்களா?"

"ஆமா."

"அப்புறம்?"

"தூங்கிட்டேன்."

"நான் உங்களைத் தடுக்கணும்னு வந்தேன். ஷெல்டன் நேத்து கடையில பேசினது காதுல விழுந்துச்சு. வந்து பாத்தா நீங்க குறட்டை விட்டுட்டு இருக்கீங்க. அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"நான் குறட்டை விடமாட்டேன்."

"பறவையையே கேளுங்க," என்றார் லோவெல்.

திங்கட்கிழமை ஷெல்டன் வந்தான். கூட்டைப் பார்த்தான், தோளைக் குலுக்கினான், பாலம் கட்டப் போய்விட்டான். ஆர்டிஸ் மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். மாரா என்ற இளம் அதிகாரி நேரில் வந்து தொலைநோக்கியில் கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடம் வேலையை மறந்து நின்றாள். பிறகு சொன்னாள்: பறவையின் காரணமாக நிதியை இலையுதிர் காலம்வரை நீட்டித்துத் தர முடியும். ஆனால் அதுவரை மண் அணை அங்கேயே இருக்கப் பக்கத்து நிலக்காரர் சம்மதிக்க வேண்டும், அந்தச் சம்மதம் ஜூலைக்குள் வந்தால் போதும்.

"அவங்கதான் எதிர்த்தவங்க, இல்லையா?" என்று மாரா மெதுவாகக் கேட்டாள்.

"அவரேதான்."

லோவெல் மறுக்கவில்லை. சம்மதிக்கவும் இல்லை. "ஜூலைக் கூட்டத்துல சொல்றேன்," என்றார்.

அந்தக் கோடை அப்படித்தான் வந்தது. கெட்டில் ஏரிக்கு வேறு சரிவு கிடையாது. மோட்டார்ப் படகுகள் எல்லாம் வீட்டு முற்றங்களில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தன. ஏரியில் கேனோக்களும் துடுப்புப் படகுகளும் மட்டும்தான். முதல் வாரம் ஜனங்கள் திட்டினார்கள். இரண்டாவது வாரம் திட்டுவதை நிறுத்தினார்கள். அதன்பின் பேச்சையே தாழ்த்திக்கொண்டார்கள். அக்கரையில் ஒருவர் சீட்டாட்டத்தில் தோற்று வைவது இக்கரையில் தெளிவாகக் கேட்டது. யாரோ முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றுவது கேட்டது. தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்து, அடியில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக மேலே வருவதுபோல் தோன்றின. மாலையில் சானா என்னும் நீராவி அறையில் வெந்துவிட்டு ஏரியில் விழுபவர்கள் மல்லாந்து மிதந்தபடி வெகுநேரம் கிடந்தார்கள். நாள் எது, கிழமை எது என்று கேட்டால் சிரித்தார்கள்.

குஞ்சுகள் பொரிந்தன. கரும்புகையை உருட்டி வைத்தது போன்ற இரண்டு பந்துகள். தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஏரி முழுக்கச் சவாரி போயின. அதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்து, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

ஆர்டிஸும் மயங்கித்தான் போனாள். ஒரு சாயங்காலம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் திரும்பி மேட்டின்மேல் தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் அந்திவானம் தெரிந்தது. உள்ளே இருப்பவன் தெரியவில்லை.

ஜூலைக் கூட்டம் ஊர்மன்றத்தில் நடந்தது. முன்பு சரிவுக்கு ஓட்டுப் போட்டவர்களே ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"எதுக்கு அவசரம்? இந்தக் கோடை மாதிரி ஒரு கோடை என் வாழ்நாள்ல பாக்கல," என்றார் ஒருவர்.

"பணத்தைத் திருப்பிக் குடுத்துருவோம். பள்ளத்தை மூடிப் புல்லு போட்ருவோம்," என்றாள் இன்னொருத்தி.

ஆர்டிஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சொல்வது தவறில்லை என்று அவளுக்கே தோன்றியது.

அப்போது கதவு திறந்தது. எய்னோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் கூட்டத்துக்கு வந்ததே கிடையாது. மேட்டுச் சாலையில் தனியாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பேசலாமா? இல்ல, கை தூக்கணுமா? காலைத் தூக்கச் சொல்லாதீங்க," என்றான். யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"சத்தமில்லாத ஏரி ரொம்ப அழகுன்னு எல்லாரும் சொல்றீங்க. எங்க அக்காவும் வீட்டுல வந்து சொல்றா. சொல்லும்போது அவ மூஞ்சியே மாறிப்போகுது. சந்தோஷம். ஆனா நீங்க எல்லாரும் பக்கத்துல போய்ப் பாத்துட்டுச் சொல்றீங்க. நான் சன்னல்லருந்து பாக்கறேன். சன்னல்லருந்து பாத்தா எல்லாக் கோடையும் சத்தமில்லாததுதான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

மூச்சு வாங்கிக்கொண்டான்.

"என்னைத் தூக்கிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க. நல்லவங்கதான் நீங்க. ஆனா தூக்கினா எறக்கணும். எப்ப எறக்கறதுன்னு தூக்கறவங்கதான் முடிவு பண்ணுவாங்க. நானா போகணும், நானா வரணும். அவ்வளவுதான்."

ஆர்டிஸ் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

லோவெல் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "அணை இருக்கட்டும். லாரி என் நிலத்து மேலயே போகட்டும்," என்றார். "ஒண்ணே ஒண்ணு. காலையில தேவாலய மணி அடிக்கிற வரைக்கும் ஏரியில மோட்டார் கூடாது. அந்த நேரம் மட்டும் ஏரி சும்மா இருக்கட்டும். இதை இப்பவே ஓட்டுக்கு விடுங்க, நாளைக்கு என் மனசு மாறிடும்."

கைகள் உயர்ந்தன. ஒன்றிரண்டு உயரவில்லை. அது போதுமானதாக இருந்தது.

வெளியே வந்தபோது ஆர்டிஸ் தம்பியின் நாற்காலியின் பின்னால் போய் நின்றாள், தள்ளவில்லை.

"உனக்காகத்தான் இதையெல்லாம் பண்றேன்னு உனக்குத் தெரியுமாடா?"

"மொதல் நாள்லருந்தே தெரியும். சொல்லிராதேன்னு வேண்டிட்டே இருந்தேன். இப்பச் சொல்லிட்டியே."

"சொன்னா என்ன?"

"இனிமே நான் ஒழுங்கா மீன் பிடிச்சாகணும்ல."

செப்டம்பரில் ஷெல்டன் வந்தான். மேப்பிள் இலைகள் ஈரக் கான்கிரீட்டில் விழுந்து ஒட்டிக்கொள்ள, அவன் ஆட்கள் வைதுகொண்டே பொறுக்கி எடுத்தார்கள். அணையைப் பிரித்து ஏரியை உள்ளே விட்ட நாளில் தண்ணீர் அவசரப்படாமல் வந்தது. புதுச் சரிவின் அடிவரிசைக் கான்கிரீட்டை நக்கிப் பார்த்தது, அடுத்த வரிசைக்கு ஏறியது, அங்கே நின்றுவிட்டது. ஷெல்டன் ஆர்டிஸின் முகத்தைப் பார்க்காமல், "நல்லதாப் போச்சு அக்கா," என்றான். அவளும் எது என்று கேட்கவில்லை.

அடுத்த மே மாதத்தில் ஒரு காலை. மூடுபனி தண்ணீரின்மேல் இடுப்பளவுக்கு நின்றது. எய்னோ மிதவை மேடையில் தானே உருட்டிக்கொண்டு போனான். மேடை லேசாகத் தாழ்ந்து அவனை வாங்கிக்கொண்டது. கைப்பிடிக் கம்பியைப் பற்றி, உடம்பை ஒரு தூக்குத் தூக்கி, படகின் இருக்கைக்கு மாறினான். இத்தனை வருடமாகச் சக்கரம் தள்ளித் தள்ளி முறுக்கேறிய கைகள். ஆர்டிஸ் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்து வைத்துக்கொண்டாள், தவறிப்போய் உதவிவிடக் கூடாதே என்று.

மணி இன்னும் அடிக்கவில்லை. அவன் துடுப்புகளைப் போட்டான்.

"வர்றியா?"

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. "காப்பி ஆறிப்போகும். நீ போ."

இரண்டு தடவை, மூன்று தடவை துடுப்பு வலித்தான். படகு வெண்மைக்குள் புகுந்தது. முதலில் படகு மறைந்தது, பிறகு அவன் தோள்கள், பிறகு தொப்பி. துடுப்பிலிருந்து சொட்டும் நீர்ச் சத்தம் மட்டும் கொஞ்சநேரம் இருந்தது. அதுவும் கரைந்தது. ஆர்டிஸ் மேடையில் நின்றுகொண்டிருந்தாள். பயமாக இருந்தது. லேசாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று பிரிக்க முடியவில்லை.

காத்திருந்து கால் மரத்துப்போய், லோவெல் வீட்டுக்குப் போய் அவர் காப்பியைக் குடித்தாள். அது படுமோசமாக இருந்தது. மணி அடித்தது. மூடுபனி விலகியது. முதல் மோட்டார்ப் படகு இறங்கியது, லோவெல் முகத்தைச் சுளித்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எய்னோ வந்தான். மூக்கு வெயிலில் சிவந்து தோல் உரியத் தயாராக இருந்தது. படகை மேடையோடு அணைத்து, தானே ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எங்கடா போயிருந்த இவ்வளவு நேரம்?"

"அங்கதான்," என்று ஏரி முழுவதையும் கையால் காட்டினான்.

"மீன் எங்க?"

எய்னோ படகுக்குள் திரும்பிப் பார்த்தான். தூண்டில் கட்டிய கட்டுப் பிரியாமல் கிடந்தது. அதைப் பார்த்து அவனுக்கே வியப்பாகிவிட்டது.

"மறந்தே போயிட்டேன்க்கா," என்றான்.